எத்தனை வாட் என்று கேட்ட பிள்ளைகளுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள எலெக்ட்ரானிக்ஸ் மன்றத்துக் கண்ணுகளா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் என் பட்டறைக்கு வந்தீர்கள். ஆண்டு விழாவுக்குக் கலர் லேசர் ப்ரொஜெக்டர் வேண்டும், ஆனால் வாடகைக்கு எடுக்கக் கூடாது, நாங்களே செய்ய வேண்டும் என்றீர்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சார், எத்தனை வாட் போடலாம்?" என்பதுதான். டீ சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். ஆணியில் தொங்கும் என் பழைய கறுப்புப் பேண்ட்டைப் பார்த்து உங்களில் ஒரு தம்பி சிரித்ததையும் கவனித்தேன். கேள்விக்கும் சிரிப்புக்கும் சேர்த்து இந்த மடலில் பதில் எழுதுகிறேன். இதே ஆசையோடு கிளம்பியிருக்கும் மற்றக் கல்லூரிப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில், செய்யப்போவது என்ன என்று தெரிந்துகொள்வோம். திரையில் விரியும் பூ, ஓடும் குதிரை, உங்கள் கல்லூரி முத்திரை எல்லாமே ஒற்றைப் புள்ளி ஓடிய தடம்தான். திருக்கார்த்திகைக்கு மாவளி சுற்றியிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றுவார்கள். இருட்டில் நெருப்பு வளையமாகத் தெரியும். இதைத்தான் பெரியவர்கள் கொள்ளிவட்டம் என்றார்கள். கொள்ளி ஒன்றுதான் இருக்கிறது. வட்டத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. லேசர் ப்ரொஜெக்டரில் கொள்ளிக்குப் பதில் ஒளிக்கற்றை, கைக்குப் பதில் இரண்டு குட்டிக் கண்ணாடிகள். ஒன்று கற்றையை இடம் வலமாக ஆட்டும், மற்றது மேலும் கீழுமாக. அவ்வளவுதான் கதை.

இந்த இரட்டைக் கண்ணாடி வித்தை லேசரை விட நூறு வயது மூத்தது. 1857இல் பிரான்சில் லிசாஜூ என்ற இயற்பியலாளர் இரண்டு இசைக்கவைகளில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தி, ஒன்றுக்கொன்று குறுக்காக அதிர வைத்து, ஒளியை இரண்டிலும் பட்டுத் தெறிக்க விட்டார். சுவரில் எட்டும் வளையமும் முடிச்சுமாகக் கோலங்கள் விழுந்தன. ஆஸிலாஸ்கோப்பில் நீங்கள் பார்க்கும் லிசாஜூ உருவங்கள் அவர் பெயரில் வந்தவை.

நீங்களும் அங்கேதான் தொடங்க வேண்டும். பழைய ரேடியோ ஸ்பீக்கர் இரண்டு, சின்னக் கண்ணாடித் துண்டு இரண்டு, ஒரு சிவப்பு லேசர் பாயின்டர். ஸ்பீக்கர் காகிதத்தின் மேல் கண்ணாடி ஆடும்படி ஒட்டி, ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரில் இரண்டு சுருதி கொடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம். அதில் பாதரசப் பூச்சு என்று நாம் சொல்லும் பூச்சு பின்பக்கம் இருப்பதால், முன்பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி விட்டு, கோடு இரட்டையாகத் தெரியும். செத்துப்போன ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே பளபளவென்று தட்டு இருக்கிறது பாருங்கள், அதை முன்பூச்சுக் கண்ணாடியாகவே பயன்படுத்தலாம். பழைய ஜெராக்ஸ் மிஷினிலும் ஸ்கேனரிலும் கூட முன்பூச்சுக் கண்ணாடி நீளமாகக் கிடைக்கும். இந்த விளையாட்டில் பெரிய செலவில்லை. ஆனால் ப்ரொஜெக்டரின் பாதிப் பாடம் இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது நிறம். இங்கேதான் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்தபோது கிடைத்தது மாணிக்கக் கல்லின் சிவப்பு ஒன்றுதான். 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் 'லேசரியம்' என்று காட்சி தொடங்கினார். கிரிப்டான் வாயு லேசரின் ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, கூரைக் குவிமாடத்தில் இசைக்கு ஆட விட்டார். அந்த வாயு லேசர்கள் கரன்டைக் குடித்து வெந்நீர் போல் சூட்டைக் கக்குபவை. வீட்டில் வைத்துக் கட்டுப்படியாகாது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது குப்பையிலிருந்துதான். டி.வி.டி. ரைட்டரைப் பிரித்தால் சிவப்பு டையோடு. நீல டையோடுக்கு ஜப்பானில் ஷுஜி நகமுரா 1990களில் பட்ட பாடு பெரிய கதை. 2010இல் லேசர் விளக்கு வைத்த கேசியோ ப்ரொஜெக்டர்கள் வந்தபோது, உலகமெங்கும் இருந்த பொழுதுபோக்குக்காரர்கள் புது ப்ரொஜெக்டரையே வாங்கிப் பிரித்து 445 நானோமீட்டர் நீல டையோடுகளை எடுத்தார்கள். இப்போது 520இல் பச்சையும் 638இல் சிவப்பும் டையோடாகவே கிடைக்கின்றன.

பச்சையில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. மலிவான பச்சைப் பாயின்டருக்குள் இருப்பது பெரும்பாலும் பச்சை டையோடு அல்ல. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அது 1064இல் இன்னொரு அகச்சிவப்பைத் தர, அதன் அலைநீளத்தை இரண்டாவது படிகம் பாதியாக்கி 532 பச்சையாக்குகிறது. கடைசியில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். சில நாணயமற்ற தயாரிப்புகளில் அது இருக்காது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2010இல் அப்படியொரு பாயின்டரை அளந்து பார்த்தது. பச்சை மங்கலாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட். மங்கலாக இருக்கிறதே என்று பக்கத்தில் போய்ப் பார்க்கிறவனுக்குத்தான் அடி. நேரடிப் பச்சை டையோடே வாங்குங்கள்.

இப்போது டையோடு சாகும் கதை. டி.வி. மெக்கானிக்காக முப்பது வருஷம் ஓட்டிய நான், என் முதல் நான்கு சிவப்பு டையோடுகளையும் நானே கொன்றேன். லேசர் டையோடு ரொம்ப மென்மையானது, சட்டென்று செத்துவிடும். செத்ததும் உடனே தெரியாது, சாதாரண எல்.இ.டி. போல மினுக்கென்று எரியும், கற்றை மட்டும் வராது. வோல்ட் கொடுத்து ஓட்டக் கூடாது, கரன்டைக் கட்டுப்படுத்தி ஓட்ட வேண்டும். எல்.எம்.317 ஐ.சி.யும் ஒரு ரெசிஸ்டரும் போதும். 1.25ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் கரன்ட்; 6.2 ஓம் போட்டால் சுமார் 200 மில்லிஆம்பியர். இந்த டிரைவர் சுற்றைச் செய்ததும் அதில் லேசரை மாட்டாதீர்கள். நான்கு சாதாரண 1என்4007 டையோடுகளையும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் வரிசையாக இணைத்துப் போலிச் சுமை செய்யுங்கள். 1 ஓமுக்குக் குறுக்கே மல்டிமீட்டர் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது. சரியாக இருந்தால், கரன்டை அணைத்து, டிரைவரின் வெளிவாயிலில் கண்டன்சர் போட்டிருந்தால் அதை ஷார்ட் பண்ணிக் காலியாக்கிவிட்டு, அப்புறம்தான் லேசரைச் சால்டர் செய்ய வேண்டும். என் நான்கில் மூன்று, கண்டன்சரில் மிச்சமிருந்த மின்சாரம் ஒரே அறையாக அறைந்து போனவை. நான்காவது, நைலான் சட்டையோடு உட்கார்ந்ததால் வந்த ஸ்டாட்டிக்.

மூன்று நிறத்தையும் ஒரே கற்றையாக்குவதற்கு டைக்ரோயிக் கண்ணாடிகள் வேண்டும். அவை ஒரு நிறத்தை விட்டுவிட்டு இன்னொன்றைத் திருப்பும். இதற்கு அடித்தளம் கனமாக இருக்க வேண்டும். பிளைவுட்டில் கட்டினால் மத்தியானம் சரியாக இருப்பது சாயங்காலம் விலகிவிடும். 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் துளை போட்டு மரை எடுத்துத் தர நம் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? சிவப்பு டையோடு சூடேறினால் ஒளி குறைந்துவிடும், அந்தத் தகடே அதற்கு வெப்பத்தை வாங்கும் குழியாகவும் ஆகும்.

கற்றைகளைச் சேர்ப்பது பொறுமைக்கான பரீட்சை. பச்சையையும் சிவப்பையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் விழ வைப்பீர்கள். ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் பார்த்தால் இரண்டும் ஒரு சாண் விலகி நிற்கும். சுவரில் சேர்த்தால் பக்கத்தில் பிரியும். பக்கத்துப் புள்ளியை முதல் கண்ணாடியின் திருகால், தூரத்துப் புள்ளியை இரண்டாவது கண்ணாடியின் திருகால் என்று மாற்றி மாற்றி, கால் திருகு கால் திருகாகக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. மூன்றும் ஒன்றான கணத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. சிவப்பும் பச்சையும் நீலமும் அதற்குள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். என் கண் ஒத்துக்கொள்ளவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு போல அப்படியொரு வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் ஒரு பாடம் இருக்கிறது. நம் கண் எல்லா நிறத்தையும் சமமாக மதிப்பதில்லை. ஒரே மில்லிவாட்டில் 520 பச்சை, 638 சிவப்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கும், 445 நீலத்தைப் போல இருபது மடங்குக்கு மேலும் பளிச்சென்று தெரியும். ஆனால் விழித்திரையைச் சுடுவதற்கு நீலத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. மங்கலாகத் தெரிகிறது என்பதால் சக்தி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கரை விட்டு மேலே ஏறினால் கால்வோ. தண்டு முழுச் சுற்றுச் சுற்றாமல் இரு பக்கமும் சில டிகிரி மட்டும் ஆடும் மோட்டார். நுனியில் விரல் நகம் அளவு கண்ணாடி. நொடிக்கு 30,000 புள்ளி என்று பெட்டியில் போட்டிருக்கும். அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 8 டிகிரிக்குள் ஆடும்போதுதான் அந்த வேகம். உங்கள் முத்திரை 1,000 புள்ளியில் முடிந்தால் நொடிக்கு 30 தடவை வரையலாம். அதில் இருக்கும் தாமரை, புத்தகம், சுற்றி ஓடும் எழுத்து எல்லாம் சேர்ந்து 2,000 புள்ளியானால் 15 தடவைதான், படம் படபடக்கும். குறைத்து வரையுங்கள். கோலம் போடுகிறவர்களுக்கு இது தெரியும், கோடு குறைந்தால் கை வேகமாகப் போகும்.

கால்வோவைச் சுருதி சேர்க்கச் சர்வதேச லேசர் காட்சிச் சங்கமான இல்டா ஒரு சோதனைப் படம் வைத்திருக்கிறது. அதில் சதுரத்துக்குள் ஒரு வட்டம். கணினியில் அந்த வட்டம் சதுரத்தை விடப் பெரியது. சரியாக அமைந்த கால்வோ அந்த வேகத்தில் முழுதும் எட்டிப்பிடிக்க முடியாமல் கொஞ்சம் சுருக்கிப் போடும். வட்டம் சதுரத்தின் நான்கு பக்கத்தையும் உள்ளிருந்து தொட்டால் சுருதி சேர்ந்தது. கணினியிலிருந்து சிக்னல் எடுக்க ஆறு சேனல் யு.எஸ்.பி. சவுண்டு கார்டே போதும்: இடம் வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று, நிறத்துக்கு மூன்று. அதன் வெளிவாயில் கண்டன்சர்களை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் ஓரிடத்தில் நிற்காமல் நடுவுக்கே நழுவி வரும்.

இதுவரை வந்ததெல்லாம் சந்தோஷம். இனி அந்தப் பேண்ட்.

என் மூன்று நிறமும் சேர்ந்து சுமார் ஒரு வாட் இருந்த காலம். ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர்ச் சுவரில் ஒரு பூவைச் சுழல விட்டுவிட்டுக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி கருகும் வாசனை வந்தது. நிமிர்ந்தால் சுவரில் பூ இல்லை. கால்வோ டிரைவருக்குப் போகும் மைனஸ் 15 வோல்ட் வயர் கனெக்டரிலிருந்து கழன்றிருக்கிறது. கண்ணாடிகள் இரண்டும் ஒரு மூலைக்கு ஒதுங்கி அப்படியே நின்றுவிட்டன. லேசருக்கோ கரன்ட் தடையின்றி ஓடுகிறது. சுவர் முழுக்கப் பரவி ஓடிக்கொண்டிருந்த ஒளியெல்லாம் ஒரே புள்ளியாகி, ஆணியில் தொங்கிய கறுப்புப் பேண்ட்டின் முழங்காலில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது. பிளக்கோ மேசைக்குப் பின்னால். குனிந்து கைவிட்டுத் துழாவிப் பிடுங்குவதற்குள் ஏழெட்டு நொடி போயிருக்கும். அன்று சாயங்காலம் அதே சுவரோரம் நாற்காலி போட்டு என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

துளை மிளகு அளவுதான். இன்னும் ஒரு பேண்ட் தைக்கக் காசில்லாமல் அதை மாட்டி வைத்திருக்கவில்லை, தம்பி.

இப்போது உங்கள் வாட் கேள்விக்கு வருகிறேன். பார்வைக்குத் தெரியும் லேசரில் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. கண்ணில் பட்டாலும், கால் நொடிக்குள் நாம் இமை மூடித் திரும்பிவிடுவோம் என்ற கணக்கில் வைத்த எல்லை அது. 5 மில்லிவாட்டுக்கு மேல் 500 வரை 3பி. அதற்கும் மேல் நான்காம் வகுப்பு. சுவரில் பட்டுச் சிதறும் ஒளியைக் கூட அருகில் நின்று பார்ப்பது ஆபத்து. நீங்கள் மனதில் வைத்திருந்தது 3 வாட், அதாவது அந்த முதல் எல்லையைப் போல 3,000 மடங்கு. கண்ணின் லென்ஸ் ஒளியை விழித்திரையில் குவிக்கும்போது அதன் செறிவு ஏறக்குறைய லட்சம் மடங்கு ஆகிறது. இமை மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை நாம் பேச்சுக்குச் சொல்வோம். இந்த வேலையில் அது அப்படியே நடக்கும்.

நடந்தும் இருக்கிறது. 2008 ஜூலையில் மாஸ்கோவுக்கு வெளியே ஒரு திறந்தவெளி இசைக் கொண்டாட்டம். மழைக்காக மேலே கூடாரம் போட்டார்கள். வானத்துக்குப் போக வேண்டிய லேசர் கூட்டத்தின் பக்கம் வந்தது. சுமார் 30 பேர் பார்வையில் ஒரு பகுதியை இழந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 2023 விநாயகர் ஊர்வலங்களுக்குப் பின் கண் மருத்துவர்கள் விழித்திரைக் காயங்களைப் பற்றி எச்சரித்தார்கள்; மறு ஆண்டு புணே காவல்துறை ஊர்வலத்தில் லேசருக்குத் தடை போட்டது. நம் விமான நிலையம் பீளமேட்டில், உங்கள் கல்லூரிகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஒரு மில்லிரேடியன் விரியும் கற்றை ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர் அகலமாகி, இறங்க வரும் விமானியின் முன்கண்ணாடி முழுவதும் பரவும். வானத்தைப் பார்த்து ஒரு கற்றை கூடப் போகக் கூடாது.

ஆகவே கட்டுகிற வரிசையை மாற்றுங்கள். நான் லேசரில் தொடங்கி, கால்வோவுக்குப் போய், கடைசியாக நிறுத்துவதைப் பற்றி யோசித்தேன். நீங்கள் நிறுத்துவதில் தொடங்குங்கள். பழைய ரயில் கைகாட்டி நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். இழுத்துப் பிடித்தால்தான் வண்டி போகலாம். அதே புத்தி நமக்கும் வேண்டும். கற்றைக்குக் குறுக்கே ஒரு தகட்டுக் கதவு; கரன்ட் இருந்தால்தான் திறக்கும், போனால் ஸ்பிரிங்கால் தானே மூடும். சாவி இல்லாமல் ஓடக் கூடாது. காளான் தலை போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்; அதன் வயர் அறுந்தாலும் அணைய வேண்டும். இல்டா கனெக்டரின் 25 ஊசியில் 4ஆம் ஊசியும் 17ஆம் ஊசியும் இதற்கென்றே ஒதுக்கியவை. கேபிள் கழன்றால் அந்த வளையம் அறுந்து லேசர் நிற்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், கண்ணாடி நின்றால் லேசரை அணைக்கும் சுற்று. கால்வோ டிரைவரில், கண்ணாடி இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிக்னல் இருக்கும். அதை ஒரு கண்டன்சர் வழியாக எடுத்தால் அசைவு மட்டும் கிடைக்கும். அதை நேராக்கி ஒரு கம்பாரேட்டரில் கொடுத்து, அசைவு குறைந்ததும் சில மில்லி நொடிக்குள் லேசரை வெட்ட வேண்டும். எனக்கு அந்தச் சுற்று செய்ய ஒரு சாயங்காலம்தான் ஆயிற்று. அதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தச் சுற்று இருக்கிறது என்பதற்காகக் கூட்டத்தின் மேல் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்க விதிப்படி, பார்வையாளர்கள் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழேயும், பக்கவாட்டில் 2.5 மீட்டருக்குள்ளும் கற்றை வரக் கூடாது. நம் அரங்கத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் வரையுங்கள். சரிசெய்யும் போது அந்தந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கூலிங் கிளாஸ் உதவாது. மூன்று நிறத்தையும் தடுக்கும் கண்ணாடி போட்டால் எதுவுமே தெரியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு நிறம், அதுவும் குறைந்த ஒளியில். புகையில் கற்றை தெரிய வேண்டும் என்று நான் ஒருமுறை சாம்பிராணி போட்டேன். அழகாகத்தான் இருந்தது, மறுநாள் எல்லாக் கண்ணாடியிலும் பிசுக்கு.

ஆண்டு விழாவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முழு இயந்திரத்தையும் கட்டி முடியுங்கள். ஆனால் உள்ளே பெரிய டையோடு எதையும் வைக்காதீர்கள், சிவப்புப் பாயின்டர் ஒன்று போதும். இருட்டான அரங்கில் வெள்ளைத் திரைக்கு மூன்று நிறமும் சேர்த்து ஒரு வாட் தாராளம் என்பது என் அனுபவம். அந்த ஒரு வாட்டுக்கு உங்கள் பெட்டி தகுதியா என்பதற்கு ஒரே ஒரு பரீட்சை. பாயின்டர் ஒளியில் முத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வயராகப் பிடுங்க வேண்டும். மைனஸ் 15, பிளஸ் 15, சவுண்டு கார்டு, கால்வோ கேபிள், எதைப் பிடுங்கினாலும் சுவர் இருட்டாக வேண்டும். எங்கேயாவது ஒரு புள்ளி அசையாமல் நின்றால், மேசைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பெட்டி தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். டீ என் செலவு. வயரைப் பிடுங்குவது நான். கறுப்புப் பேண்ட்டை எதிர்ச் சுவரில் மாட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
பழைய டி.வி. மெக்கானிக்